63 பேரோடு நிற்கிறது, இதற்கு மேல் எப்படி நகர்த்துவது?

கேள்வி: 2025 பிப்ரவரி 9, காலை

மூன்று மாதமாக யூடியூப்பில் சதுரங்க வீடியோ போடுகிறேன். 41 வீடியோ ஆயிற்று. சப்ஸ்கிரைபர் 63 பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். ஆள் இருந்தால்தான் காட்டுவார்கள், காட்டினால்தான் ஆள் வரும். கோழி முதலா முட்டை முதலா கதைதான். புதிதாக வருகிறவனுக்கு வழியே இல்லை என்பது என் கருத்து. சப் ஃபார் சப் குழுவில் (நீ என் சேனலில் சேர், நான் உன் சேனலில் சேர்கிறேன் என்கிற குழு) சேர்ந்தால் ஒரே வாரத்தில் 500 பேர் வந்துவிடுவார்கள் என்று நண்பர் சொல்கிறார். சேரலாமா? தையல் மெஷின் ரிப்பேர் சேனல் அக்கா இதைப் பார்த்தால் பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

சேராதீர்கள் தம்பி. நான் சேர்ந்து பட்டிருக்கிறேன்.

2021-இல் முதல் சேனல் தொடங்கியபோது எனக்கும் இதே ஆலோசனைதான் கிடைத்தது. இரண்டு வாரத்தில் 312 பேர் சேர்ந்தார்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அடுத்த வீடியோ போட்டேன், பார்த்தவர்கள் 9 பேர். அந்த 312 பேரும் தங்கள் சேனலுக்கு ஆள் தேடி வந்தவர்கள். பாபின் கேஸை (அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்னக் கூடு) எப்படிக் கழற்றுவது என்று அவர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்? நானும் அவர்களுடைய வீடியோ ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை.

இப்படிக் கொடுக்கல் வாங்கலாக ஆள் சேர்ப்பதை யூடியூப் விதியே போலி ஈடுபாடு என்று தடுக்கிறது. சில மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். பெரிய இடங்களிலும் இது நடந்ததுதான். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை மொத்தமாகத் துடைத்தபோது இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலேயே சுமார் 1.89 கோடிப் பேர் குறைந்தார்கள். 2018 ஜூலையில் ட்விட்டர் முடக்கிய கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து எடுத்தபோது அதன் சொந்தக் கணக்கு சுமார் 77 லட்சம் பேரை இழந்தது.

கடைசியில் அந்தச் சேனலை மூடிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து இன்னொன்று தொடங்கினேன். இப்போது இருப்பது அந்த இரண்டாவதுதான்.

கோழி முட்டைக்கு என் பதில்: தேடி வருகிறவர் உங்கள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ராத்திரி 11 மணிக்கு பாதி தைத்த துணியோடு மெஷின் மக்கர் பண்ணினால், அந்த அம்மா கைபேசியில் தட்டுவது தன் பிரச்சினையை. அதற்கு விடை இருக்கிற வீடியோவில் 63 என்று போட்டிருந்தாலும் பார்ப்பார். அந்த வழியாகத்தான் எனக்கு ஆள் வந்தது.

பிப்ரவரி 10

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. விளம்பர வருமானத்துக்கு 1000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும், 2018-இலிருந்து இதுதான் கணக்கு. (ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோ வழியாகப் போனால் 90 நாளில் 1 கோடிப் பார்வை.) 2023-இல் 500 பேர், 3000 மணி நேரம், 90 நாளில் 3 வீடியோ என்று கீழே ஒரு படி வைத்தார்கள். அதில் ரசிகர்கள் நேரடியாகத் தரும் பணம்தான் வரும், விளம்பரப் பங்கு கிடையாது.

வகுத்துப் பாருங்கள். 1000 பேருக்கு 4000 மணி என்றால் தலைக்கு 4 மணி நேரம். சப் ஃபார் சப்பில் வந்தவர் யார் உங்களுக்காக 4 மணி நேரம் உட்காரப் போகிறார்?

பிப்ரவரி 16

முதல் 100 பேர் எப்படி வந்தார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நினைவில் இருக்கிறவரை விவரமாகச் சொல்கிறேன்.

இரண்டாவது சேனலிலும் முதல் இரண்டு மாதம் ஒன்றும் நகரவில்லை. தலைப்புதான் காரணம் என்று பிற்பாடு புரிந்தது. "அப்பர் டென்ஷன் அசெம்பிளி சரிசெய்தல்" என்று வைத்திருந்தேன். ரிப்பேர் பார்க்கிற எங்களுக்குள் பேசுகிற பேச்சு அது. மெஷினைக் கொண்டு வருகிறவர் அப்படியா சொல்வார்? "அடியில நூல் கொத்தா குவியுது", "தையல் விட்டு விட்டு விழுது", "ஊசி ஒடைஞ்சிக்கிட்டே இருக்கு". இதுதான் அவர்கள் வாயிலிருந்து வருவது. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுத ஆரம்பித்தேன். தலைப்பு எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது.

முதலில் ஓடியது "அடியில் நூல் குவிகிறதா? பாபினைத் தொடாதீர்கள்". அடியில் குவிவதால் எல்லோரும் பாபின்தான் கெட்டுவிட்டது என்று அதையே மாற்றி மாற்றிப் போடுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் மூடியே இருக்கும், நூல் உள்ளே போகாமல் வெளியே உட்கார்ந்துவிடும். பிடிமானம் இல்லாத மேல் நூல் தொளதொளவென்று இறங்கி அடியில் சுருண்டுகொள்ளும். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் முடிந்தது. 4 நிமிட வீடியோ. தட்டு விரிவது தெரிய வேண்டுமே என்று கைபேசியை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே கவிழ்த்து வைத்து எடுத்தேன். இரும்பு பளபளத்துக் கண்ணைக் கூசியதால் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்தி வைத்தேன்.

அதற்கு வந்த முதல் கமெண்டை இன்னும் வைத்திருக்கிறேன். "மூணு நாளா பாபினோட மல்லுக்கட்டினேன் அக்கா. பாதத்தைத் தூக்கி நூல் கோத்தேன், சரியாயிடுச்சு. அழுகையே வந்துடுச்சு." நானும் அழுதேன். நன்றி என்று மட்டும் எழுதாமல், என்ன மெஷின், வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். தையல் விட்டு விழுகிறது என்றார். ஊசி மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்றேன். மாற்றியதே இல்லை என்றார். அடுத்த வீடியோ அவருக்காக எடுத்தது: மொட்டை ஊசி என்ன செய்யும்.

100 பேர் ஆக ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியிருக்கிறேன். வாரம் மூன்று வீடியோ விடாமல் போடுங்கள், தொடர்ச்சிதான் முக்கியம்.

பிப்ரவரி 23

தம்பி உங்கள் வீடியோ நான்கைப் பார்த்தேன். நன்றாக விளக்குகிறீர்கள், குரலும் தெளிவு. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்குள் 50 வினாடி போய்விடுகிறது. வணக்கம், சேனல் பெயர், மணியை அழுத்துங்கள், இன்று என்ன பார்க்கப் போகிறோம்... எனக்கும் இந்தப் பழக்கம் இருந்தது.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் யார் எத்தனை நேரம் நின்றார்கள் என்று ஒரு கோடு போட்டுக் காட்டும். முதன்முதலில் அதைத் திறந்தபோது என் கோடு 22-ஆம் வினாடியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. அந்த இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். "நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்திருக்கிறேன். மெஷின் சிக்கிக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் சேனலைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இப்போது முதல் வினாடியிலேயே கோளாறு. மெஷின் கடகடக்கும், துணியைத் திருப்பிக் காட்டுவேன், அடியில் நூல் கொத்து. பிறகுதான் வாய் திறப்பேன். உங்களுக்கும் முதல் வினாடியில் பலகை வரட்டும்.

அதே கோட்டில் சில இடத்தில் மேடு தட்டும், அதையும் கவனியுங்கள். ஜனங்கள் பின்னால் இழுத்து மறுபடி பார்த்த இடம் அது. என் வீடியோவில் 3:40-இல் ஒரு மேடு, தட்டு விரிகிற இடம். எது புரியவில்லை, எது பிடித்தது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

மார்ச் 8

வாரம் மூன்று என்று பிப்ரவரி 16-இல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி தூக்கம் கெட்டு எடுக்கிறேன் என்று எழுதியதும் மனசு கேட்கவில்லை, என் பட்டியலை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். இதுவரை 140 வீடியோ. அதில் 11 வீடியோ வழியாகத்தான் பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட நான் வாரம் மூன்று போட்ட காலத்தில் எடுத்தது இல்லை. அந்த வாரங்களில் எடுத்தவை அவசரத்தில் எடுத்தவை, விளக்கம் பாதி, வெளிச்சம் பாதி.

அப்படியானால் தொடர்ச்சி வேண்டாமா? வேண்டும். பத்து நாளுக்கு ஒன்று என்றாலும் உடம்பு தாங்குகிற வேகத்தில் போடுங்கள். மூன்று மாதம் ஓடிக் களைத்து நிறுத்துவதைவிட அது மேல். நான் யாரோ சொன்னதைக் கேட்டு, சோதிக்காமல் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

ஏப்ரல் 4

ஒரு நல்ல செய்தி! தட்டு விரிகிற அந்த 3:40 துண்டை மட்டும் வெட்டி 40 வினாடி ஷார்ட்ஸ் ஆகப் போட்டிருந்தேன். போன மாதம் வரை சாதுவாக இருந்த என் ஷார்ட்ஸ் எல்லாம் மூன்று நாளாகப் பறக்கின்றன. பார்வை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என்ன செய்தேன் என்று யோசித்தால், விளக்கத்தில் கேள்வியாக எழுத ஆரம்பித்ததுதான் ஒரே மாற்றம். எல்லோரும் செய்து பாருங்கள்.

ஏப்ரல் 6

மேலே எழுதியதை நம்பாதீர்கள், தவறு. மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸை எண்ணும் முறையையே மாற்றிவிட்டது. முன்பு குறிப்பிட்ட நேரம் பார்த்தால்தான் கணக்கு, இப்போது ஓடத் தொடங்கினாலே ஒன்று. என் விளக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய கணக்கு ஸ்டுடியோவில் ஈடுபட்ட பார்வை என்று தனியாக இருக்கிறது, வருமானத்துக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். அதைத் திறந்து பார்த்தேன், போன மாதம் போலவே இருக்கிறது.

இரண்டு நாள் மிதந்தேன். எண் ஏறினால் முதலில் எண்ணுகிறவர் மாறினாரா என்று பார்க்க வேண்டும், இறங்கினாலும் அப்படித்தான்.

அந்த ஷார்ட்ஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வந்ததிலிருந்து 2100 பேர் சேர்ந்தார்கள், உண்மை. ஆனால் என் நீள வீடியோவை அவர்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் ஒரு நிமிஷம் நின்று பிடித்திருந்தால் அழுத்திவிட்டுப் போகிறார். தேடி வந்து அழுத்தியவர் திரும்ப வருகிறார். ஷார்ட்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மே 18

வீடியோவுக்கு முகப்பாக வைக்கிற படத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், அதுதான் தம்ப்நெய்ல். காட்டிய இடத்தில் எத்தனை சதவீதம் பேர் அழுத்துகிறார்கள் என்ற கணக்கில், பாதிச் சேனல்கள் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூப்பே சொல்கிறது. ஆகவே 4 சதவீதம் என்று கவலைப்பட வேண்டாம்.

நூல் குவியும் வீடியோவில் முதலில் என் முகத்தைப் போட்டிருந்தேன், ஆச்சரியப்படுகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு. 3.1 சதவீதம். அதை எடுத்துவிட்டு, துணியின் அடிப்பக்கத்தில் அந்த நூல் கொத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் போட்டேன். 6.4 ஆயிற்று. தேடி வருகிறவர் தன் கையில் இருப்பதையே படத்தில் பார்க்கிறார், வேறு எழுத்து தேவைப்படவில்லை. இப்போது மூன்று படம் வரை கொடுத்தால் யூடியூப்பே மாற்றி மாற்றிக் காட்டி எது நின்றது என்று சொல்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இன்ஸ்டாகிராமில் இருக்கிறவர்களுக்கு: அதன் தலைவர் ஆடம் மொசேரி இந்த ஜனவரியில் பேசியபோது, பார்க்கும் நேரம், விருப்பம், பகிர்வு மூன்றையும் முக்கியம் என்றார். உங்களைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர, ஒருவர் இன்னொருவருக்குத் தனியாக அனுப்புவது கூடுதலாக உதவும் என்பது அவர் சொன்னது. எனக்கு அது சரியாகவே படுகிறது. "இதைப் பாரு, உன் மெஷினும் இப்படித்தானே பண்ணுது" என்று அக்கா தங்கைக்கு அனுப்புகிற வீடியோ தனியாகத் தெரியும்.

ஜூன் 1

தம்பியின் புதிய தலைப்பு: "ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஏன் டிரா ஆகிறது?" முன்பு "ராஜா-சிப்பாய் இறுதியாட்டம் பகுதி 3" என்று வைத்திருந்தார். தோற்றவனின் வயிற்றெரிச்சல் அப்படியே தலைப்பில் இருக்கிறது. இது ஓடும்.

ஜூலை 20

ஒரே இடத்தில் நிற்காதீர்கள் என்று யாரோ எழுதினார்கள், எல்லா இடத்திலும் நில்லுங்கள் என்று இன்னொருவர். என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில்.

இந்த வேலைக்கு முன்பு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தினேன், தையல் டிசைன் படங்கள். 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்த பிறகு, அதுவரை 800, 900 பேர் பார்த்த பதிவை 60 பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் எதையும் மாற்றவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று மாதக்கணக்கில் என்னையே குடைந்துகொண்டேன். வைன் நினைவிருக்கிறதா? 2013-இல் வந்தது, ஆறே வினாடி வீடியோ. அதில் லட்சக்கணக்கில் ஆள் வைத்திருந்தவர்கள் உண்டு. 2016 அக்டோபரில் மூடப்போகிறோம் என்றார்கள், 2017 ஜனவரியோடு சரி. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று.

அதற்காக ஐந்து இடத்தில் ஐந்து கணக்கு திறந்தால் எதிலும் கமெண்டுக்குப் பதில் எழுத நேரம் இருக்காது. நான் இருப்பது யூடியூப் ஒன்றில்தான். கூடவே விருப்பப்பட்டவர்களின் மின்னஞ்சலை வாங்கி வைத்திருக்கிறேன், 640 பேர். மாதம் ஒரு கடிதம். நாளைக்கு யூடியூப் என்னைக் காட்டாவிட்டாலும் அந்த 640 பேரிடம் நான் பேசலாம். தம்பி, உங்களுக்கு 200 பேர் ஆகிவிட்டது என்றீர்களே, இன்றே தொடங்குங்கள்.

ஆகஸ்ட் 11

கடுமையான கமெண்டுகளுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு. அழகு, குரல், சாதி, வயசு என்று போகிறவற்றை அழித்துவிடுகிறேன், யோசிப்பதே இல்லை. வேலையில் குறை சொன்னால் அழிக்க மாட்டேன்.

போன வருஷம் பாபின் கேஸின் பக்கவாட்டுத் திருகைப் பற்றிய வீடியோவில் "அரைத் திருப்பு திருப்புங்கள்" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் ஒருவர், ஆயுசு முழுக்க மெஷின் பார்த்தவர், கீழே எழுதினார்: "அம்மா, அரைத் திருப்பு ரொம்ப அதிகம். கடிகார முள் அஞ்சு நிமிஷம் நகர்ற அளவு போதும். அந்தத் திருகு தரையில விழுந்தா எள்ளைத் தேடுற மாதிரி." முகம் சுண்டிப் போயிற்று. அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கமெண்டை எல்லாவற்றுக்கும் மேலே பொருத்தி வைத்துவிட்டு வீடியோவை மறுபடி எடுத்தேன், பாபின் கேஸுக்கு அடியில் ஒரு தட்டு வைத்து.

அதன்பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. நான் தூங்கப் போன பிறகு வருகிற கேள்விகளுக்கு அவர்தான் பதில் எழுதுகிறார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்கள். பின்தொடர்கிறவர்கள் என்று சொல்லும்போது என் மனதில் வருவது இந்த முகங்கள்தான். முகம் பார்த்ததில்லை, ஆனாலும்.

செப்டம்பர் 14

அவசரம், எல்லோரும் படியுங்கள். ஆள் கொஞ்சம் சேர்ந்ததும் விளம்பரம் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். எனக்குப் போன வாரம் வந்தது. மரியாதையான எழுத்து, தொகையும் போட்டிருந்தது, "ஒப்பந்தத்தைத் திறந்து கையெழுத்திடுங்கள்" என்று ஒரு சுருக்கிய கோப்பு. திறக்க விரலை வைத்துவிட்டேன். கோப்புக்குக் கடவுச்சொல் எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியதால் தப்பித்தேன்.

யூடியூப் சேனல் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து இது நடக்கிறது என்று கூகுளின் பாதுகாப்புக் குழு 2021-லேயே எழுதியிருக்கிறது. கோப்பைத் திறந்தால் உங்கள் பிரவுசரில் இருக்கும் குக்கீயைத் திருடுவார்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்ததற்கான சீட்டு அது. அதை வைத்துக்கொண்டு கடவுச்சொல்லும் கேட்காமல், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கேட்காமல் நுழைந்துவிடுவார்கள். உண்மையான நிறுவனம் என்றால் விவரத்தை மின்னஞ்சலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அக்டோபர் 5

பணம் கொடுத்து விளம்பரமாக ஓட்டலாமா என்ற கேள்விக்கு, ஒரே ஒருமுறை ஓட்டினேன், வந்தவர்கள் நிற்கவில்லை. ஒரு அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 23

தம்பி எழுதியிருக்கிறார்: 871 பேர். சிப்பாய் டிரா வீடியோ மட்டும் 400-க்கு மேல் கொண்டு வந்திருக்கிறது. நம்மிடம் மிஞ்சியது ஓரச் சிப்பாய் ஒன்றுதான் என்றால், அது போய்ச் சேரும் மூலையில் எதிரி ராஜா உட்கார்ந்துகொண்டால் ஜெயிக்கவே முடியாது என்பது எனக்கே இப்போது தெரியும். சதுரங்கம் ஆடாத நான் இரண்டு தடவை பார்த்தேன்.

கமெண்டில் ஒரு சிறுமி தன் ஆட்டத்தின் படத்தைப் போட்டு "இது ஏன் டிரா ஆச்சு அண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். ராணி இருந்தும், செக் வைக்காமலே எதிரிக்கு நகர இடம் விடாததால் ஸ்டேல்மேட், அதாவது டிரா ஆகியிருக்கிறது. தம்பி நான்கு வரி பதில் எழுதியிருக்கிறீர்கள், போதாது. அந்தப் பலகையை அப்படியே அடுக்கி வீடியோ எடுங்கள், அவள் எழுதிய கேள்வியையே தலைப்பாக வையுங்கள். எடுத்ததும் அவள் கமெண்டுக்குக் கீழே சுட்டியைப் போடுங்கள்.

இன்னொன்று. 1:12-இல் படம் ஆடுகிறது. காயை வைக்கும்போது முழங்கையை மேசையில் ஊன்றுகிறீர்கள், ஸ்டாண்டும் அதே மேசையில் இருக்கிறது. ஸ்டாண்டைத் தனியாக ஒரு ஸ்டூலில் வையுங்கள்.